பெட்டிக்குப் பொட்டு வைத்த காலை

பதினைந்து வருசம் நான் விடாமல் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. ரன்னிங் சார்ட். லொறி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே போனது, எதற்காகப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டிய புத்தகம். யட்டியாந்தோட்டைக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் நான் பெரிய லொறி டிரைவர். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. உண்மையும் அவ்வளவாக இருக்காது.

முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தப் புத்தகத்தை உண்மையாக எழுத வழியே இல்லாமல் செய்து வைத்திருந்தார்கள். லொறி காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒபிஸ் திறப்பதோ எட்டு மணிக்கு. தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் கையெழுத்துப் போடாத சார்ட்டோடு ரோட்டில் இறங்கினால் பொலிஸ்காரன் ஓரங்கட்டச் சொல்வான். ஆகவே நாளைய பயணத்தை இன்று பின்னேரமே எழுதி, அவர் வீட்டுக்குப் போகுமுன் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். திரும்பும் நேரத்தை மட்டும் வெறுமையாக விட்டால் அவருக்குப் பிடிக்காது. "பாதிப் பக்கத்துக்கு நான் எப்படிய்யா கையெழுத்து வைக்கிறது?" என்பார். அதனால் நாளைக்கு நான் எத்தனை மணிக்குத் திரும்பி வருவேன் என்பதையும் இன்றைக்கே எழுதிவிடுவேன். சோதிடர்களுக்குக்கூட அந்தத் துணிச்சல் வராது.

'எதற்காக' என்ற கட்டம்தான் பெரிய தொல்லை. தோட்டத்து லொறியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது கம்பனிச் சட்டம். ஆனால் தோட்டத்தில் வேறு வாகனம் ஏது? பிரசவ வலி கண்டால் லொறி. பாம்பு கடித்தால் லொறி. பெண் பார்க்கப் போனாலும் லொறி. இதையெல்லாம் அந்தக் கட்டத்தில் எழுத முடியாது என்பதால் நான் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டேன். உரம். ருவான்வெல்லைக்கு உரம் எடுக்கப் போனேன், யட்டியாந்தோட்டையிலிருந்து உரம் கொண்டுவந்தேன். ஒரு தடவை உரமாகப் போனவள் இரட்டைப் பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். என் புத்தகத்தின்படி பார்த்தால், இலங்கையிலேயே அதிகமாக உரம் போட்ட தோட்டம் எங்களுடையதுதான்.

இந்தப் புத்தகத்தை நம்பித்தான் என் பிழைப்பு இருந்தது. டிரைவர் என்றால் குவாட்டர்ஸ் தருவார்கள். இரண்டு அறை, தனிக் குசினி, வாசலில் சொந்தப் பைப். மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு மேசை போட அங்கேதான் இடம் இருந்தது. வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், மாமனாரின் காம்பராவில் ஒரு மூலைக்குத்தான் போக வேண்டும். என் மாமனார் நல்ல மனுசன்தான், ஆனால் அவரும் நானும் ஒரே கூரையின் கீழ் மூன்று நாள் இருந்தால் நாலாவது நாள் பஞ்சாயத்து கூட வேண்டிவரும்.

தோட்டத்தில் இன்னொரு டிரைவரும் இருந்தார். சின்ன லொறி அவருடையது. வேதக்காரர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், என்னைவிட நாலு வயது இளையவர். அவரிடம் ஒரு வியாதி இருந்தது. உண்மை சொல்வது. அதுகூடப் பரவாயில்லை, நிமிசக் கணக்கோடு சொல்வார். ஆரம்பத்தில் அவருடைய சார்ட்டை அவரே எழுதினார். '7.13 கிளம்பினேன். 7.31 மாடு குறுக்கே. 7.42 மாடு போனது.' பெரிய கிளாக்கர் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, புத்தகத்தைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "ரெண்டு வண்டிக்கும் இனி நீயே எழுது. மாடெல்லாம் வேணாம்." அன்றிலிருந்து இரண்டு லொறியின் கதையையும் நான்தான் எழுதினேன். அவர் பயணம் முடிந்து வந்த பிறகு, ஒவ்வொரு வரியையும் படித்து, ஒரு பெருமூச்சு விட்டு, தன் கையெழுத்தைப் போடுவார்.

அப்படி இருக்கையில்தான், யுத்தம் முடிவதற்கு முந்தின வருசம், கொழும்பிலிருந்து பெட்டி வந்தது.

பாண் ரொட்டித் துண்டு அளவில் கறுப்பாக ஒரு பெட்டி. மேலே சூடு போவதற்குச் சின்னச் சின்னக் கீறல்கள். முன்னால் பச்சை லைட் ஒன்று மினுக்கு மினுக்கென்று மினுக்கும். வானத்தில் இருக்கும் சட்டலைட் லொறியைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நிமிசம் நிற்கிறது என்று இந்தப் பெட்டி வழியாக ஒபிஸ் கம்பியூட்டருக்குச் சொல்லுமாம். முதலில் பெரிய லொறியில் மட்டும் மூன்று மாதம் பார்ப்பது, அதுவரை சார்ட்டும் இருக்கட்டும், பிறகு எது நல்லதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்து மனேஜர் துரை சொன்னார். பூட்ட வந்த ஆள் லொறிக்குள் அங்குமிங்கும் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பிள்ளையார் படம் இருந்த இடமே தோது என்றான். பிள்ளையாரைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அந்த நிமிசமே எனக்கும் பெட்டிக்கும் பகை மூண்டுவிட்டது.

சின்ன லொறிக்காரருக்கோ ஒரே சந்தோசம். "நல்லதுண்ணே. நடந்தத நடந்தபடியே சொல்லும்."

"நடந்தத யாரு கேட்டா தம்பி? அவங்களுக்கு வேண்டியது கூட்டல் சரியா வர்றது."

"ஏன் நின்னேன்னு நாம சொல்ல வேணாம்ல? அதுவே சொல்லிரும்."

"நின்னத சொல்லும். ஏன்னு எங்க சொல்லும்? மாடு குறுக்க வந்தத அது பாக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். மாட்டு விசயத்தில் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

யட்டியாந்தோட்டை கடைத்தெருவில், லொறிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக்கடை. எங்கள் பக்கத்து லொறிக்காரர்களின் பாராளுமன்றம் அதுதான். பெட்டியைப் பற்றி ஒரு கிழமையாவது அங்கே விவாதம் நடந்திருக்கும். மணல் லொறி ஓட்டிய ஒரு சிங்கள அண்ணன் பெட்டியின் பக்கம். "என் முதலாளி ஒவ்வொரு நாளும், நீ மச்சினன் வீட்டுக்குப் போனாய் என்கிறான். பெட்டி இருந்தால் போகவில்லை என்று காட்டிவிடலாமே" என்றான். "நீ போறதுதானே?" என்று கேட்டேன். "போறதுதான். ஆனா ஒவ்வொரு நாளும் இல்லையே" என்றான். பலகை லொறிக்காரர் ஒருவருக்கு வேறு கவலை. பெட்டி வந்தால் வேகத்தையும் சொல்லிவிடும். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வரும் தன் வித்தை என்ன ஆவது? இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எல்லாரும் கேட்கும்படி கிளாசை மேசையில் தட்டி, "அந்தப் பெட்டிக்குக் காரியம் பண்ணப் போறது என் கைதான், எழுதி வச்சிக்கங்க!" என்றேன். எழுதி வைக்கச் சொன்னால் எழுதி வைக்காத ஊர் உலகில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெட்டியும் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளத்தான் செய்தது. முதல் மாதமே பெரிய கிளாக்கர் கூப்பிட்டு அனுப்பினார். கம்பியூட்டரில் ஒரு படம். களனி கங்கை நீலமாக ஓடுகிறது. அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இது என்னய்யா? இருபத்திரெண்டு நிமிசம் லொறி ஆத்துக்குள்ள நின்னிருக்கு."

"கிளாக்கரய்யா, ஆத்துக்குள்ள நின்னிருந்தா நான் இங்க நிப்பேனா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கொழும்புல விளக்கம் கேக்குறாங்க."

விளக்கம் எழுதினேன். 'லொறி ஆற்றுக்குள் போகவில்லை. ஆற்றங்கரை ரோட்டில் பஞ்சர் ஒட்டினேன். லொறி இன்றும் காய்ந்தே இருக்கிறது' என்று. என் சார்ட்டுக்குப் போடுவது போலவே, அதற்கும் பெரிய கிளாக்கர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது சிரிக்கிற விசயம் இல்லை. கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப் போகும் வழியில் சோதனைச் சாவடி. அந்த வருசம் எப்படி இருந்தது என்று இருந்தவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டையைக் காட்டினேன், பெயரைப் பார்த்தான், இறங்கு என்றான். லொறிக்குள் எட்டிப் பார்த்த சின்ன வயசுச் சிப்பாய் அப்படியே பின்வாங்கினான். தமிழன் ஓட்டும் லொறி, ஸ்டியரிங் பக்கத்தில் கறுப்புப் பெட்டி, வயர், மினுக்கும் லைட். "மொகக்த மே? மொகக்த மே?" என்று கத்தினான். இது என்ன, இது என்ன என்று அவன் கேட்பது புரிகிறது. பதில்தான் நாக்கில் வரவில்லை. எனக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அன்றைக்கு ஒரு சொல் ஞாபகம் வரவில்லை. கடைசியில் "கம்பனியே பெட்டிய, மஹத்தயா" என்றேன். அவர்கள் எல்லாரையும் ஐம்பது கஜம் தள்ளி நிற்க வைத்தார்கள். நானும் தள்ளி நின்று என் லொறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்த பெரியவர் என் கக்கத்தில் இருந்த ரன்னிங் சார்ட்டை வாங்கி, துரையின் முத்திரையையும் பெரிய கிளாக்கரின் கையெழுத்தையும் பார்த்து, "தேயிலை" என்று வாய்விட்டுப் படித்து, போகச் சொன்னார். என்னைக் காப்பாற்றியது அந்தப் பேப்பர். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது அந்தப் பெட்டி. இனி எந்த விவாதமும் வேண்டியதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

ஆயுத பூசை அன்று எங்கள் தோட்டத்தில் பொட்டு வைக்காத இரும்பு கிடையாது. ரப்பர் பால் வெட்டும் கத்தி, கொழுந்து நிறுக்கும் தராசு, தேயிலை அரைக்கும் மெசின், ஒபிஸில் ஸ்டேப்லர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் பக்கத்து ஷெட்டில்தான் லொறிகளுக்குப் பூசை. பூசைக்கு வாழைமரமும் பழமும் தேங்காயும் யட்டியாந்தோட்டையிலிருந்து காலையிலேயே எடுத்துவர வேண்டும். நான் சின்ன லொறியில் போய் எடுத்து வருவது, வேதக்காரருக்குப் பூசை இல்லாததால் அவர் ஷெட்டில் இருந்து பெரிய லொறியைக் கழுவி வைப்பது என்று முதல் நாள் ஏற்பாடு. வழக்கம்போல அதை அப்படியே சார்ட்டில் எழுதினேன். மறுநாள் லீவு, பூசைப் பரபரப்பில் புத்தகத்தைத் திறக்க நேரம் இருக்காது என்பதால் அவரையும் முன்கூட்டியே கையெழுத்துப் போடச் சொன்னேன். நடக்காததற்கு எப்படிக் கையெழுத்து வைப்பது என்று தயங்கினார். "நாளைக்கு நடக்கத்தானே போகுது தம்பி" என்று பேனாவைக் கையில் திணித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, நடக்கும் முன்னே ஒரு விசயத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டார்.

காலையில் ஷெட்டுக்கு வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். நான் குளித்து, திருநீறு பூசி, வேட்டி கட்டி நின்றேன்.

"இந்தக் கோலத்துல எங்கண்ணே கடைத்தெருவுக்கு? நீங்க இருந்து உங்க லொறிய உங்க கையாலயே கழுவி அலங்காரம் பண்ணுங்க. நான் போய் எடுத்துட்டு வாறேன்."

"ஒங்களுக்கேன் சிரமம்?"

"சாமி காரியம்ணே" என்று சின்ன லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணி ஏழு நாலு என்று போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஷெட்டில் நானும் லொறியும் மட்டும். கழுவினேன், துடைத்தேன், பொட்டு வைத்தேன். நாலு சக்கரம், ஜாக், வீல் ஸ்பானர், ஸ்டியரிங், கியர் லீவர், ஹோர்ன், எல்லாவற்றுக்கும். எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், பெட்டி மட்டும் மொட்டை நெற்றியோடு மினுக்கிக்கொண்டிருக்கிறது. அடித்துச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு மனசு கேட்கவில்லை. பகையாளியாக இருந்தால் என்ன, லொறியில் இருக்கும் சாமான்தானே? ஜாக்குக்கு உள்ள மரியாதை அதற்கு இல்லையா? போதாததற்கு அது இருப்பது பிள்ளையாரின் இடம். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் யாருக்குக் கோபம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, முழு மனதோடு, பெட்டிக்குச் சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். மாவிலையால் மஞ்சள் தண்ணி மூன்று தடவை தெளித்தேன். மூன்றாவது தடவை பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. செம்பு சரிந்து, ஒரு கை தண்ணி அந்தக் கீறல்கள் வழியாக உள்ளே போனது. பெட்டி 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. பச்சை லைட் அணைந்தது. பெட்டியும் சாந்தமாகிவிட்டது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சின்ன லொறி வந்தது, வாழைமரம் கட்டினோம், பத்து மணிக்குத் துரையே வந்து தேங்காய் உடைத்தார், அவல் சாப்பிட்டார். நான்கு நாள் கழித்துத்தான் கடுதாசி வந்தது. கம்பனிச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் செய்த குற்றம்; பூசை அன்று காலை ஏழு நாற்பதுக்கு ஸ்டோர் ஷெட்டில் வைத்துப் பெட்டி செத்துவிட்டது; உள்ளே தண்ணி; தேத்தண்ணிக்கடையில் பலர் முன்னிலையில் அதற்குக் காரியம் பண்ணப்போவதாகச் சபதம் செய்ததாகவும் அறிகிறோம்; வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று விசாரணையில் வந்து காரணம் சொல்லவும். கடுதாசியை இரண்டு தடவை வாசித்தேன். வாழ்நாள் முழுக்கச் சொன்ன பொய்க்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சாமி கும்பிட்டதற்கு வேலை போகப் போகிறது. அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம், பெரிய கிளாக்கர் என் குவாட்டர்ஸ் வாசலுக்கே வந்தார். பதினைந்து வருசத்தில் அவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கக்கத்தில் ரன்னிங் சார்ட்.

"நீ ஏன்யா பயப்படுற? புத்தகத்தப் பாரு. ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் நீ சின்ன லொறியில யட்டியாந்தோட்டையில இருக்க. பெரிய லொறிக்கிட்ட இருந்தது அவரு. கீழ அவரே கையெழுத்து வச்சிருக்காரு. புத்தகத்துல உள்ளத மட்டும் சொல்லு. போதும்."

அவருக்கு என் மேல் திடீரென்று வந்த பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கம் பொய் என்று ஆனால், அதன் கீழ் இருக்கும் அவர் கையெழுத்துக்கும் கேள்வி வரும். ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் வாயைத் திறந்து பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று. தலையை ஆட்டினால் போதும். உள்ளே மகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. உள்ளதைச் சொல்கிறேன், நான் ஆட்டத்தான் இருந்தேன்.

அவர் போனதும் மனைவி குசினியிலிருந்து வந்தாள். கையில் வாழைப்பழம். பூசைக்கு வந்த தாரில் எங்கள் பங்குச் சீப்பு, அன்றைக்குத்தான் நன்றாகப் பழுத்திருந்தது. ஒரு பழத்தை உரித்து என் கையில் கொடுத்தாள்.

"தின்னுங்க."

தின்றேன்.

"இந்தத் தாரைத் தோள்ல தூக்கிட்டு வந்தது யாரு?"

நான் கையில் இருந்த பழத்தைப் பார்த்தேன்.

"அந்தாளு தூக்கிட்டு வந்த பழத்தத் தின்னுக்கிட்டே அந்தாளக் காட்டிக் குடுக்கப் போறீங்களோ? அவுங்க குவாட்டர்ஸ்லயும் புள்ளைங்கதான் இருக்கு."

"அப்ப நாம எங்கடி போறது?"

"எங்கப்பா வீட்டுக்குத்தான். அவரு உங்களப் பத்தி என்ன சொல்லுவாருன்னு எனக்கும் தெரியும். கேட்டுக்கிட்டு இருப்போம்" என்றாள். மிச்சப் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டேன்.

விசாரணை துரையின் அறையில். துரை சிங்களவர், எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஸ். மேசையில் பழைய பேப்பர் விரித்து அதன்மேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே காய்ந்த சந்தனம். பெரிய கிளாக்கர் வாக்குமூலம் எழுதத் தயாராக இருந்தார். சின்ன லொறிக்காரர் ஒரு ஓரத்தில் நேராக உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

துரை புத்தகத்தை விரித்தார். "ஏழு மணிக்கு நீ சின்ன லொறி எடுத்துக்கிட்டு யட்டியாந்தோட்டை போயிருக்க. ஒன்பதுக்கு வந்திருக்க. பெரிய லொறி கழுவினது இவரு. இவரு கையெழுத்தும் இருக்கு. சரிதானா?"

தலை ஒரு பக்கமாக ஆடத்தான் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். அறையில் கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. துரை இன்னொரு தடவை கேட்டார்.

"இல்லீங்க தொரை" என்றேன். "அந்தப் பக்கம் பொய்ங்க."

பெரிய கிளாக்கரின் பேனா நின்றது.

"யாரு எழுதின பொய்?"

"நான்தாங்க. முந்தின நாளே எழுதிட்டேன். காலையில இவருதான் போனாரு. லொறிக்கிட்ட இருந்தது நான். தண்ணி ஊத்துனதும் நான்தான். பூசைக்குங்க, வேணும்னு இல்லீங்க."

துரை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மெதுவாகப் பின்னால் புரட்டினார். "அப்ப இந்தப் பக்கம்?"

"அதுவும் முந்தின நாளே எழுதினதுதாங்க."

"இது? உரம்."

"ஆஸ்பத்திரிங்க. அஞ்சாம் லயத்துப் பிரசவம்."

"இது உரம்."

"கல்யாணம்ங்க."

"இதுவும் உரம்."

"அது சாவுங்க. பெட்டி எடுத்துட்டு வந்தோம்."

"இது?"

எட்டிப் பார்த்தேன். "அது உரந்தாங்க."

பெரிய கிளாக்கர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு கழுத்தைத் துடைத்தார். துரை புத்தகத்தை மூடினார். "சரி, அந்தப் பூசை எப்படிப் பண்ணின? செஞ்சு காட்டு."

மேசையில் இருந்த தண்ணிக் கிளாசை எடுத்தேன். துரை சட்டென்று தன் போனைத் தூக்கிக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று தெளித்து, மூன்றாவதற்குக் கையை ஓங்கும்போது, "போதும், போதும்" என்று கம்பியூட்டர் முன்னால் இரண்டு கையையும் விரித்தார். அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். துரையின் கம்பியூட்டர் நெற்றியில், பெரிய கிளாக்கர் வைத்த குங்குமப் பொட்டு இன்னும் இருந்தது. துரை அதைப் பார்த்தார், பெட்டியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

திரும்பியபோது முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. வேலை இருக்கும். புதுப் பெட்டி வரும், கூரைக்குக் கீழே உயரத்தில் பூட்டுவார்கள், அதன் பக்கத்தில் நான் செம்போடு போகக்கூடாது. "ஆஸ்பத்திரிக்குப் போனா ஆஸ்பத்திரின்னு சொல்லு. இவ்வளவு உரம் போட்டும் தேயிலை ஏன் வளரலன்னு கொழும்புல என்னையில்ல கேக்குறாங்க!" என்றார். கடைசியாக, இனி ரன்னிங் சார்ட் வேண்டாம், சோதனைச் சாவடிக்குத் தனியாகக் கடிதம் தருகிறேன் என்றார். "எல்லாம் பொய்யின்னு நீயே சொல்லிட்ட. அப்புறம் அத எதுக்கு வச்சிருக்கணும்?"

பெட்டியை எதிர்த்துப் பேப்பருக்காக ஊரெல்லாம் சண்டை போட்டவன் நான். பெட்டியைப் பக்தியால் கொன்றேன். அதற்குப் பதில் வேறு பெட்டி வந்துவிட்டது. பேப்பரை ஒரே ஒரு உண்மையால் கொன்றேன். அது திரும்பி வரவே இல்லை. வேலை தப்பிய சந்தோசத்தில் நெஞ்சு நிறைந்திருந்தாலும், அந்தப் புத்தகத்தை நினைத்து மெய்யாகவே வருத்தப்பட்டேன்.

வெளியே வந்ததும் சின்ன லொறிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ நன்றி சொல்லப் போகிறார், நான் பெருந்தன்மையாகக் கையசைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"தொரை மொதல்ல கேட்டதுல இருந்து நீங்க பதில் சொல்ல நாலு நிமிசம் எடுத்தீங்கண்ணே" என்றார். "நான் மணி பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நாலா?"

"நாலே கால். நீங்க நம்ம ஆளாச்சேன்னு நாலுன்னு சொன்னேன்." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் நிமிசத்தைக் குறைத்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

புத்தகத்தை ஒபிஸில் ஒப்படைக்க வேண்டும். அதில் கடைசியாக ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. பதினைந்து வருசப் பழக்கம், வெறுமையாக விட மனம் வரவில்லை. ஒபிஸ் வாசல் படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். கிளம்பிய இடம்: குவாட்டர்ஸ். சேர்ந்த இடம்: துரையின் ஒபிஸ். வாகனம்: கால். சேர்ந்த நேரம்: எட்டு நாற்பது, சின்ன லொறிக்காரரிடம் கேட்டு எழுதியது. எதற்காக: உண்மை சொல்ல. நடந்த பிறகு நான் எழுதிய முதல் பக்கம் அதுதான்.

பெரிய கிளாக்கரிடம் நீட்டினேன். பதினைந்து வருசத்தில் முதல் தடவையாக அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக, கடைசி வரைக்கும் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கமாகத் தள்ளி, "இதுக்கெல்லாம் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்யா" என்றார்.